தாங்காது மாமா

எங்கள் வீட்டுக்கு முதன்முதல் வந்த அன்று அவர் உட்காரவே இல்லை. நான் கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்கோ அண்ணை" என்றேன். அவர் கதிரையின் முதுகில் உள்ளங்கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார், குனிந்து கால்களைப் பார்த்தார், "இது தாங்காது தங்கச்சி" என்று சொல்லிவிட்டுச் சுவரோடு சாய்ந்து நின்றபடியே தேத்தண்ணியைக் குடித்தார். இரண்டு வருடமாக நாங்கள் இருந்து எழும்பும் கதிரை அது. எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. ஒரு வீட்டுக்கு வந்த மனிதர் வந்த காலோடு கதிரையைக் குறை சொல்வாரா? என் கணவர் சிரித்துக்கொண்டு போய் அதே கதிரையில் தொப்பென்று இருந்து காட்டினார். கதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை. வந்தவர் முகத்திலும் ஒரு மாற்றமும் இல்லை.

"இண்டைக்கு உடையும் எண்டு நான் சொல்லேல்லை," என்றார். "தாங்காது எண்டுதான் சொன்னனான்."

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பலெர்மோவில், போர்கோ வெக்கியோச் சந்தைக்குப் பின்னால் ஒரு மூன்றாம் மாடியில் நாங்கள் இருந்தோம். எங்களுக்குக் கீழ் மாடியில் நாலைந்து பெடியன்களோடு அறையைப் பங்குபோட்டுக்கொண்டு அவர் இருந்தார். மன்னார் ஆள். பேசாலைக் கரையில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின்களைத் திருத்தியவர். கட்டையான உடம்பு, அகன்ற கைகள், நாற்பதைத் தொட்ட வயது. எந்தப் பொருளைக் கண்டாலும் முதலில் கையை வைப்பார், பிறகு தீர்ப்புச் சொல்வார். தீர்ப்பு இரண்டே வகைதான். தாங்கும், அல்லது தாங்காது. எங்கள் தெருப் பிள்ளைகள் அவருக்குத் 'தாங்காது மாமா' என்று பெயர் வைத்து அவர் முகத்துக்கு நேரேயே கூப்பிட்டார்கள். அவர் கோபித்ததே இல்லை. அவர்கள் உருட்டிக்கொண்டு வரும் பழைய சைக்கிள்களில் கையை வைத்துப் பார்த்து, பெரும்பாலும் "தாங்கும், ஓடுங்கோ" என்று சொல்லி அனுப்புவார். அந்த ஒரு சொல்லுக்காகவே பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள்.

பலெர்மோவின் இன்னொரு பகுதியான அல்பெர்கேரியாவில் தெரிந்தவர்கள் வீட்டில் ஒரு பிறந்தநாள், அவரும் வந்திருந்தார். கீழே ஒழுங்கையால் அந்தப் பகுதிப் புனிதரின் சுரூபத்தை வாத்தியத்தோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதைப் பார்க்கவென்று, வந்திருந்த சனம் முழுக்கப் பல்கனிக்கு ஓடியது. அந்தக் காலத்து வீடு, கல்லுப் பல்கனி, அடியில் துருப்பிடித்த இரும்பு. அவர் கதவடியில் நின்று பல்கனியின் விளிம்பில் கையை வைத்தார். "இது தாங்காது. எல்லாரும் உள்ளுக்கை வாங்கோ" என்றார். யார் கேட்பது? அவர் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இழுத்து உள்ளே கொண்டுவந்து விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அதன் முன்னால் நின்றார். புனிதர் எங்களைப் பார்க்காமலேயே போய்விட்டார். கேக் வெட்டிய வீட்டுக்காரி அவரோடு பல நாள் கதைக்கவில்லை.

அந்தப் பல்கனி விழவே இல்லை. நாங்கள் பலெர்மோவில் இருந்த காலம் முழுக்க அப்படியே நின்றது. அதில் உடுப்புக் காயப்போட்டார்கள், பூச்சாடி வைத்தார்கள், மச்சான்மார் ஏறி நின்று சிகரெட் பிடித்தார்கள். அவரை அந்த வழியால் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் யாராவது மேலே கையைக் காட்டுவார்கள். அவர் நிமிர்ந்து பார்த்து, "இன்னும் விழேல்லை, அவ்வளவுதான்" என்பார். இந்த மனிதரை என்னதான் செய்வது என்று எனக்குச் சிரிப்பு வரும்.

ஆட்களுக்கும் தீர்ப்புச் சொல்வார். அது கொஞ்சம் ஆபத்தான வேலை. ஒரு கலியாணப் பேச்சு எங்கள் வீட்டில் நடந்தபோது பெடியனையும் பெட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அடித்துச் சொன்னார், "இது தாங்கும்" என்று. வருடம் திரும்பமுன் பெட்டை பெட்டியைத் தூக்கிக்கொண்டு தமக்கை வீட்டுக்குப் போய்விட்டாள். இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று நான் விடாமல் கேட்டேன்.

"நான் பெடியனையும் பெட்டையையும்தானே பாத்தனான்," என்றார். "மாமியை ஒருத்தரும் எனக்குக் காட்டேல்லை."

அவருக்கு வேலை பிடித்துக் கொடுத்தது நான்தான். நான் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோராவுக்கு ஒரு தம்பி இருந்தார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் லொறி திருத்தும் கராஜும், எலுமிச்சம்பழமும் மரக்கறியும் ஏற்றுகிற சொந்த லொறிகள் இரண்டும் அவருக்கு இருந்தன. டீசல் எஞ்சின் தெரிந்த ஆள் வேண்டும் என்று சிஞ்ஞோரா சொன்னதும் இவரைக் கூட்டிக்கொண்டு போனேன். இவருக்கு இத்தாலியன் மருந்துக்கும் தெரியாது. முதலாளி ஒரு லொறியை ஸ்டார்ட் பண்ணிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இவர் எஞ்சினில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார். பிறகு, நாலாவது சிலிண்டரைக் கையால் தொட்டுக் காட்டி, முகத்தைச் சுளித்தார். முதலாளியும் முகத்தைச் சுளித்துத் தலையாட்டினார். அவருக்கும் அது ஏற்கனவே தெரிந்திருந்தது. எஞ்சின் விஷயத்தில் இரண்டு பேருமே கெட்டிக்காரர்கள். எனக்கு மொழிபெயர்க்க ஒன்றுமே இருக்கவில்லை, சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

கொஞ்சக் காலத்தில் அவர் மூன்று இத்தாலியச் சொற்களைப் பழகிக்கொண்டார். தாங்கும் என்பதற்குத் 'தியேனே'. தாங்காது என்பதற்கு 'நோன் தியேனே'. மெல்ல என்பதற்குப் 'பியானோ'. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு கராஜில் முழு நாளையும் ஓட்டினார். அதற்கு மேல் ஏதும் சொல்ல வேண்டியிருந்தால் என்னைக் கூப்பிட்டு அனுப்புவார்கள்.

இவருக்கும் முதலாளிக்கும் ஒத்துவராத விஷயம் ஒன்றே ஒன்றுதான். அதுதான் இழுவைப் போட்டி.

கோடையில் உள்நாட்டு மலையூர்களில் திருவிழாவோடு லொறி இழுவைப் போட்டியும் நடக்கும். ஓட்டப் போட்டி இல்லை அது. லொறிக்குப் பின்னால் ஒரு சுமைவண்டியைக் கட்டிவிடுவார்கள். அதன் பின்பக்கத்தில்தான் சில்லு, முன்பக்கம் மண்ணில் உராயும் இரும்புத் தட்டு. மேலே சீமெந்துக் கட்டிகள் நிரப்பிய ஒரு பெட்டி. லொறி இழுக்க இழுக்க அந்தப் பெட்டி தானாகவே பின்னாலிருந்து முன்னுக்கு ஊர்ந்து வரும். வர வர முன்தட்டு மண்ணுக்குள் அழுந்தும். அதாவது, எவ்வளவு தூரம் போகிறீர்களோ அவ்வளவு பாரம் கூடும். நின்றுபோகும் இடத்தை அளப்பார்கள். முடிவுக் கோட்டைத் தாண்டினால் முழு வெற்றி.

ஆரம்பத்தில் எல்லாரும் தங்கள் வேலை லொறியையே கொண்டுவந்து இழுத்திருக்கிறார்கள். பிறகு ஒருவர் பெரிய டேர்போ பூட்டிக்கொண்டு வந்தாராம். அடுத்த வருடம் எல்லாரிடமும் பெரிய டேர்போ. பிறகு ஒருவர் வடக்கே சொல்லிச் செய்வித்த பிஸ்டன் போட்டார். அடுத்த வருடம் எல்லாரும் வடக்குக்கு ஓடினார்கள். பிறகு போட்டிக்கென்றே ஒரு தனி லொறி, தெருவில் ஓட்டினால் அது பழுதாகிவிடும் என்று அதை ஏற்றிப்போக இன்னொரு லொறி. எங்கள் முதலாளியும் தன் இரண்டு லொறிகளில் ஒன்றைப் போட்டி லொறியாக மாற்றிவிட்டார். அது எலுமிச்சம்பழம் ஏற்றுவதை நிறுத்திவிட்டுக் காசை மட்டும் விழுங்கியது. ஒரு வருடம் எஞ்சின் ஹெட் வெடித்தது, அடுத்த வருடம் அச்சு முறிந்தது. தகப்பன் விட்டுப்போன எலுமிச்சந்தோட்டத்தில் தமக்கையின் பங்கையும் விற்கக் கேட்டு வந்தார். சிஞ்ஞோரா குசினியில் கோப்பையைத் தூக்கி எறிந்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. துண்டுகளை நான்தான் பொறுக்கினேன்.

"ஏன் அண்ணை உங்களுக்கு இந்தப் போட்டி பிடிக்கேல்லை?" என்று அவரிடம் ஒருநாள் கேட்டேன்.

"எஞ்சின் எண்டால் போறதுக்கில்லைத் தங்கச்சி. திரும்பி வாறதுக்கு," என்றார். "கடலுக்கை ஆரும் போகலாம். எஞ்சின் நிண்டால் என்ன செய்யிறது? நான் திருத்தி விட்ட படகிலை போனவன் ஒருத்தனும் வராமல் விட்டதில்லை. இவை என்னடாவெண்டால், ஒரு வளவின்ரை நீளத்துக்கு மட்டும் உசிரோடை இருக்கிற எஞ்சினைச் செய்யினம். அது எஞ்சினோ? அது வாணவெடி."

அவருக்கு எஞ்சினில் இருந்த அக்கறை வெறும் தொழில் அக்கறை இல்லை. மனைவியும் மகளும் அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். மன்னாரிலிருந்து மடுவுக்கும், மடுவிலிருந்து வவுனியாவுக்கும், அங்கிருந்து ஆமியிடம் பாஸ் எடுத்துக் கொழும்புக்கும் வந்து சேர்ந்தவர்கள். அவர்களை இங்கே கூப்பிட அவர் எழுதிக் கொடுத்திருந்தார். குவெஸ்தூராவில், அதாவது வெளிநாட்டவரைப் பதிகிற பொலிஸ் கந்தோரில், சொன்னது இதுதான்: நிரந்தர வேலை இருந்தால் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி, பெர்மெஸ்ஸோ இருந்தால் குடும்பம். வேலை போனால் எல்லாம் போச்சு. கொழும்பில் இரவில் பொலிஸ்காரர் லொட்ஜுகளைச் சோதித்துத் தமிழ் ஆட்களை ஏற்றிப் போகிறார்கள் என்று செய்தி வரும் ஒவ்வொரு கிழமையும் அவர் வந்து எங்கள் வாசல் நிலையில் கையை வைத்துக்கொண்டு நிற்பார். அந்தக் குடும்பம் வருவதும் வராததும் அந்தக் கராஜ் நிற்பதில் இருந்தது. கராஜ் நிற்பது, மிச்சம் இருந்த அந்த ஒற்றை வேலை லொறி ஓடுவதில் இருந்தது.

அந்த வருடம் வைகாசியில் போட்டி லொறிக்கு முதலாளி மறுபடியும் புது டேர்போ பூட்டினார். டீசல் கூடப் பாயும்படி பம்பையும் திறக்கக்கூடிய மட்டும் திறந்தார். கராஜ் முற்றத்தில் சோதித்துப் பார்க்கப் போகிறார்கள் என்று, விளக்கம் சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் எஞ்சினில் கையை வைத்தார். முதலாளியை நேராகப் பார்த்து, "நோன் தியேனே" என்றார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கல்லுத் தூணுக்குப் பின்னால் நிறுத்தினார். எனக்கு வெட்கமாக இருந்தது. முதலாளி ஸ்டார்ட் பண்ணி, மிதித்து, இன்னும் மிதித்தார். கறுப்புப் புகை முற்றத்தை மூடியது. ஒரு வெடி. தகரக் கூரையில் ஒரு ஓட்டை விழுந்து அதற்குள்ளால் வெயில் வந்தது. எஞ்சினின் பக்கவாட்டில் என் கை போகும் அளவுக்கு ஒரு பிளவு.

முதலாளி இறங்கி வந்தார். எஞ்சினைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்தார். ஆட்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் நீட்டிக் கொம்புபோல் கீழே பிடித்தார். சிசிலியில் கண்ணூறு படாமலிருக்கக் காட்டுகிற கொம்பு அது. பிறகு போய் இரும்புக் கதவைத் தொட்டுக்கொண்டு நின்றார்.

"என்னவாம்?" என்று கேட்டார் இவர்.

"உங்கடை நாவூறுதான் எஞ்சினை வெடிக்க வைச்சதாம்," என்றேன்.

நானும் கொஞ்சம் அதை நம்பினேன் என்றுதான் சொல்லவேண்டும். எங்கள் ஊரிலும் அப்படிச் சில வாய்கள் உண்டு. புது வீட்டைப் பார்த்து அவர்கள் ஒன்று சொன்னால் அன்று பின்னேரமே உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவோம். இவரோ அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். என் வாய்க்கு அவ்வளவு பலம் இருந்தால் நான் ஏன் இங்கே கிரீஸ் பூசிக்கொண்டு நிற்கிறேன் என்று கேட்கச் சொன்னார். நான் அதை முதலாளிக்குச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து கராஜில் அவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று சட்டம் வந்தது. எஞ்சினைத் தொடலாம், திருத்தலாம், வாய் திறக்கக் கூடாது. அவரும் வாயை மூடிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினார். தலை ஆட்டுவதும் கூடாது என்று பிறகு இன்னொரு சட்டம் வந்தது.

போட்டி லொறி செத்துவிட்டது, இனி இந்தக் கூத்து முடிந்தது என்று சிஞ்ஞோராவும் நானும் நிம்மதிப்பட்டோம். அது நடக்கவில்லை. கல்லுடைக்கும் குவாரி வைத்திருந்த ஒரு மலையூர்க்காரர் முதலாளியின் பழைய போட்டியாளர். அவர் சந்தையில் வைத்து எல்லாருக்கும் முன்னால் நக்கலடித்துவிட்டார். முதலாளிக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. திருவிழாவில் வேலை லொறிகளுக்கென்று ஒரு பிரிவும் இருந்தது. எலுமிச்சம்பழம் ஏற்றுகிற அந்த ஒற்றை லொறியை அதில் இறக்கப் போவதாகச் சொன்னார்.

அதுவும் வெடித்தால் கராஜின் கதவைச் சாத்த வேண்டியதுதான். கொழும்பு லொட்ஜில் இருக்கிற அந்தப் பிள்ளையின் முகத்தை நான் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இரட்டைப் பின்னல். கீழ் மாடிக்கு அவரிடம் ஓடிப்போய், சட்டத்தை விட்டுவிட்டு உள்ளதைச் சொல்லுங்கள் என்றேன். கராஜுக்குப் போனோம். அவர் வேலை லொறியில் கையை வைத்துக் கனநேரம் நின்றார்.

"சொல்லு தங்கச்சி. மெல்ல மிதிச்சால் தாங்கும். இவர் மிதிக்கிற மாதிரி மிதிச்சால் தாங்காது."

நான் சொன்னேன். முதலாளி கேட்டுக்கொண்டு நின்றார். அவர் மூளை எந்தப் பக்கத்தால் ஓடியது என்பது எனக்கு உடனே விளங்கியது, ஏனென்றால் என் அம்மாவுடைய மூளையும் அப்படித்தான் ஓடும். வாய் விஷமான ஆள் வெளியில் நின்று பார்த்தால்தானே ஆபத்து? அந்த ஆளையே உள்ளே இருத்திவிட்டால்? தன் கழுத்துக்குத் தானே யாராவது நாவூறு போடுவார்களா?

"நீதான் தாங்கும் என்கிறாய்," என்றார் முதலாளி. "அப்படியானால் நீயே ஓட்டு."

இவர் மறுத்துவிடுவார் என்று நினைத்தேன். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "நான் ஓட்டாட்டில் அவர்தானே ஓட்டுவார்," என்றார் என்னிடம். "அவர் ஓட்டினால் சரி, முடிஞ்சுது." போட்டிக்கு இருந்த இரண்டு கிழமையும் அந்த லொறியில் புதிதாக ஒன்றையும் அவர் பூட்டவில்லை. இருந்ததையெல்லாம் கழற்றிக் கழுவினார், தேய்த்தார், திரும்பப் பூட்டினார். செத்துப்போன போட்டி லொறியிலிருந்து நல்ல டயர்களைக் கழற்றி இதற்குப் போட்டார். கண்ணாடியில் முதலாளி பலெர்மோவின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவின் படத்தை ஒட்டினார். அதன் பக்கத்தில் இவர் மடு மாதாவை ஒட்டினார்.

போட்டி நாள் வெயில் கொளுத்தியது. சிஞ்ஞோராவின் காரில் நானும் போனேன். தம்பி கடைசியாக எதை உடைக்கிறான் என்று பார்க்க வந்ததாக அவர் சொன்னார். வயலைச் சுற்றி ஊரே கூடி நின்றது. வேலை லொறிப் பிரிவு என்று பேர்தான், அரைவாசிப் பேர் பம்பைக் கள்ளமாய்த் திறந்துவிட்டுக் கொண்டுவந்திருந்தார்கள் என்பது புகையிலேயே தெரிந்தது. ஒவ்வொன்றாக இழுத்தன. சில பாதி வயலில் நின்றன. சில அதற்குக் கொஞ்சம் மேலே போய்ச் சில்லுச் சுற்றி மண்ணைத் தோண்டின. எங்கள் லொறி கடைசிக்கு முதல். கடைசி, குவாரிக்காரருடையது.

இவர் ஏறுவதற்கு முன் எஞ்சினில் கையை வைத்தார். முதலாளி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

லொறி புறப்பட்டது. புகை மெல்லியதாகத்தான் வந்தது. ஏதோ சந்தைக்குப் போகிறவர்போல அவர் ஓட்டினார். சனம் சிரித்தது. பாதி வயலைத் தாண்டியபோது சிரிப்பு நின்றது. சுமைப்பெட்டி முன்னுக்கு ஊர்ந்துகொண்டிருந்தது, இரும்புத் தட்டு மண்ணைக் கிழித்தது, லொறி அதே வேகத்தில் போய்க்கொண்டே இருந்தது. முன்பு இழுத்த லொறிகள் நின்ற இடங்களில் நட்டிருந்த கொடிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. முதலாளி கரையோடு ஓடினார். "மிதி, மிதி" என்று கத்தினார். சிஞ்ஞோராவும் கைப்பையைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு கத்தினார். நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. எஞ்சின் சத்தம் தடித்துக் கீழே இறங்கியது. கோட்டுக்கு இன்னும் ஒரு வான் நிற்கக்கூடிய தூரம்தான். அத்தனை பேரும் மிதி என்று கத்துகிறபோது அவர் காலை எடுத்துவிட்டார்.

லொறி நின்றது. எஞ்சின் பழுதில்லாமல் தட்தட்டென்று ஓடிக்கொண்டிருந்தது. சனம் விசிலடித்து ஏளனம் பண்ணியது. முதலாளி தொப்பியை மண்ணில் அடித்தார். இவர் இறங்கி வந்ததும் இவர் சட்டையைப் பிடித்து, என்னைப் பார்த்து, "கேள் இவனிடம், ஏன் எடுத்தான் என்று கேள்" என்றார்.

கேட்க இவர் விடவில்லை. "நோன் தியேனே," என்றார். அதே நேரான பார்வை. முதலாளியின் கை தானாக இறங்கியது.

பிறகு குவாரிக்காரரின் லொறி வந்தது. அது உறுமியது, புகையைக் கக்கியது, எங்கள் கொடியைத் தாண்டியது, கோட்டையும் தாண்டியது. சனம் ஆர்ப்பரித்த சத்தத்துக்குள்ளேயே அந்த வெடியும் கேட்டது. எண்ணெய் மண்ணில் ஓடியது. குவாரிக்காரர் இறங்கி, வென்ற கையை உயர்த்துவதா தலையில் வைப்பதா என்று தெரியாமல் நின்றார். வெற்றிக் கோப்பையையும் ஒரு முழுச் சீஸ் உருளையையும் அவருக்குக் கொடுத்தார்கள். எங்களுக்கு இரண்டாம் பரிசாக உப்புப் போட்டுக் காயவைத்த ஒரு பன்றித்தொடை கிடைத்தது.

குவாரிக்காரரிடம் கல் ஏற்ற இருந்ததும் அந்த ஒரு லொறிதான் என்று அப்போதுதான் தெரிந்தது. வயலில் அதைவிட்டால் காலைக்குள் சில்லுகளையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். மனிதர் ஒவ்வொருவரிடமும் உதவி கேட்டுப் போனார். போட்டி லொறிக்காரர்கள் கையை விரித்தார்கள், அவர்களுடைய எஞ்சின்கள் தெருவில் ஓடாது; பம்பைத் திறந்த வேலை லொறிக்காரர்களோ தங்கள் எஞ்சின் வீடு போய்ச் சேர்ந்தாலே போதும் என்றார்கள். கடைசியில் எங்கள் முதலாளியிடம் வந்தார்.

நான் இவ்வளவு சந்தோஷமான ஒரு முகத்தை அதற்கு முதல் கண்டதில்லை. முதலாளி தானே குனிந்து கயிற்றைக் கட்டினார். கோப்பையை வென்ற லொறியைத் தோற்ற லொறி இழுத்துக்கொண்டு ஊருக்குள்ளால் போனது. நேர்வழி இருந்தும் முதலாளி கோயில் வாசலால், சந்தை நடுவால், கோப்பிக்கடைகளின் முன்னால் சுற்றிப் போனார். எல்லாரும் எழும்பி நின்று பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த அவர் "பியானோ, பியானோ" என்று சொல்லிக்கொண்டே வந்தாராம். மறுநாள் விடிய அதே லொறி எலுமிச்சம்பழத்தோடு துறைமுகத்தில் நின்றது. அந்தக் கிழமையே முதலாளி வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கையெழுத்துப் போட்டார். இழுவைப் போட்டியைப் பற்றி அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை.

மார்கழியில் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். பிள்ளைக்குப் பின்னலை வெட்டியிருந்தது, கொழும்பில் பேன் பிடித்ததாம். போர்கோ வெக்கியோவிலேயே ஒரு அறை எடுத்தார்கள். ஒரு ஞாயிறு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சந்தையில் வாங்கிய மீனில் அவர் மனைவி, அந்த அக்கா, மன்னார்க் குழம்பு வைத்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பல நாளாக வாய்க்குள் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"அண்ணை, அண்டைக்கு இன்னுங் கொஞ்சம் மிதிச்சிருந்தால் அந்த எஞ்சின் உண்மையா வெடிச்சிருக்குமோ?"

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

"தெரியாது," என்றார்.

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதே இல்லை.

"உண்மையாத் தெரியாது தங்கச்சி. சத்தம் நல்லாத்தான் இருந்தது. வேறை ஆரின்ரையும் லொறியெண்டால் மிதிச்சுக் கோட்டைத் தாண்டியிருப்பன். ஆனால் அந்தப் பெட்டி முன்னுக்கு வர வர, அதுக்கு மேலை இவளும் பிள்ளையும் இருக்கிற மாதிரித்தான் எனக்கு இருந்தது. பேந்து எனக்கு எஞ்சின் கேக்கேல்லை. சனம் கத்தினதும் கேக்கேல்லை. கால் விறைச்சுப் போச்சு, எடுத்திட்டன்."

"பின்னை முதலாளிக்கு அவ்வளவு அடிச்சுச் சொன்னனீங்கள்?"

"அவர் சட்டையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். அவருக்குப் போய்த் தெரியாது எண்டே சொல்லுறது?"

என் கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதரில் எனக்கு அவ்வளவு காலமும் இருந்தது ஒரு வேடிக்கையான மரியாதை. அன்றைக்குத்தான் அது பாசமாக மாறியது.

அடுப்படியில் நின்ற அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார். சட்டியோடு வந்தார்.

"கோட்டுக்கு எவ்வளவு தூரம் மிச்சம் இருந்தது?" என்று என்னைக் கேட்டார்.

"ஒரு வான் நிக்கிற இடமக்கா."

அவர் சட்டியைத் துழாவி மீன்தலையை எடுத்தார். அது விருந்தாளிக்கு வைக்கிறது, என் கணவருக்கென்று எடுத்து வைத்திருந்தது. அதைப் புருஷனின் சோற்றுக் கோப்பையில் வைத்தார்.